ரெண்டு வயசுக்காரனுக்கு மண்டபம் எதுக்குட்டி?

ஏட்டி, மண்டபம் பேசி முடிச்சாச்சு, அட்வான்ஸும் குடுத்தாச்சுன்னு உங்க அம்மை போன்ல சொன்னா. ரொம்ப சந்தோசம். காட்டு மிருகம் தீமாமே? வாசல்ல ஒட்டகச்சிவிங்கி, மேடையில சிங்கம், மூணடுக்கு கேக்குக்கு மேல ஒரு கொரங்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். நம்ம பயலுக்குச் சிங்கம் பழக்கமா? பொங்கலுக்கு இங்க வந்தப்ப கொல்லையில நின்ன சேவலைப் பார்த்து வீறிட்டு அலறி, உன் துப்பட்டாவுக்குள்ள பூந்தவன்லா அவன். அவன் பக்கத்துல ஆறடிச் சிங்கத்தை நிப்பாட்டி 'சிரி கண்ணா'ன்னா எப்படிச் சிரிப்பான்? படம் எடுக்க வந்தவரு சிரிப்பாரு. அவருக்குக் காசு.

நான் உன்னைக் குறை சொல்லல. மாப்பிள்ளையைச் சொல்லவே இல்ல. அவுக சம்பாத்தியம், அவுக செலவு. நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். விழா உனக்கா, பிள்ளைக்கா? உனக்குன்னா தாராளமா வையி. ரெண்டு வருசமா ராத்தூக்கம் இல்லாம வளத்திருக்க, உனக்கு ஒரு விழா எடுக்கது நியாயந்தான். பட்டுச்சேலை கட்டு, பிரியாணி போடு, ஆபீஸ் முழுக்கக் கூப்பிடு. ஆனா அதைப் பிள்ளை பேர்ல பில் போடாத. அவன் கேட்டானா? அவன் இன்னைக்குக் கேட்டது, எங்கிட்ட இருக்க ஆட்டுக்கல் குழவியை உருட்டிப் பார்க்கணும்னுதான்.

'கிழவிக்கு என்ன தெரியும்'னு நினைக்காத. 1982 ஜூலையில எம்.ஜி.ஆர் சத்துணவு கொண்டாந்தாரே, அந்த வருசம் நம்ம ஊரு பால்வாடியில ஆயாவாச் சேந்தவ நான். ஓய்வு வாங்குற வரைக்கும் ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்கு தொடச்சு, எடை போட்டு, மதியம் தூங்க வச்சதுதான் என் உத்தியோகம். உங்க கம்பெனியில எத்தனை பேரை வேலைவாங்கினாலும், இருபது பிள்ளைகளை ஒரே நேரத்துல தூங்க வச்சவ முன்னால நீங்க எல்லாம் சும்மா.

முதல்ல நேரத்தைப் பேசுவோம். பத்திரிகையில ராத்திரி ஏழு மணின்னு போட்டிருக்கியாம். ஒண்ணுலேருந்து ரெண்டு வயசுப் பிள்ளை பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 மணி நேரத்துலேருந்து 14 மணி நேரம் தூங்கணும்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வச்சிருக்கு. நம்ம பய ஏழரைக்குச் சாமியாடி எட்டுக்குப் படுத்துருவான்னு நீதான் சொன்ன. ஏழு மணிக்கு விழான்னா ஏழரைக்குத்தான் ஆளு வரும். மாப்பிள்ளையோட மேனேஜர் எட்டரைக்கு வருவாரு. அவரு வந்தப்புறந்தான் கேக்கு. அதுக்குள்ள பிறந்தநாள்காரன் தோள்ல தூங்கிருப்பான். அவனை உலுக்கி எழுப்பி, கண்ணு கூசுத லைட்டுல நிப்பாட்டி, கையில கத்தியைக் குடுத்து, நூறு பேரு ஒரே நேரத்துல கத்துவீங்க. அவன் அழுவான். உடனே அவன் அத்தை, 'பசிக்குது போல'ன்னு வாயில கிரீமைத் திணிப்பா. தூக்கத்துக்கு மருந்து கிரீமுன்னு எந்த வைத்தியர் சொன்னாரோ.

காலையில பத்து மணிக்கு வை. பிள்ளை எந்திரிச்சு, குளிச்சு, இட்லி தின்னு, தெம்பா இருக்க நேரம் அது. பன்னெண்டுக்கெல்லாம் வந்தவுகளை அனுப்பிரு. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மேனேஜர் வரமாட்டாரேன்னு கேப்ப. அதுவும் நல்லதுதான்.

எங்க காலத்துல பிறந்தநாளுன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீ நினைச்சிருப்ப. தேதிதான் கிடையாது. எனக்குச் சான்றிதழ்ல இருக்கது வாத்தியார் போட்ட தேதி. தலைக்கு மேல கையைச் சுத்தி எதிர்க்காதைத் தொடச் சொன்னாரு, தொட்டுச்சு, அஞ்சு வயசுன்னு எழுதி, பள்ளிக்கூடம் திறக்க சூனுக்குத் தோதா ஒரு நாளையும் போட்டாரு. என் வயசுக்காரங்க பாதிப்பேரு ஒரே வாரத்துல பிறந்தவங்கதான், போய்ப் பாரு. ஆனா பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் இல்லாம இல்ல. பல்லு முளைச்சா பல்லுக் கொழுக்கட்டை. நடக்க ஆரம்பிச்சா கொழுக்கட்டை அவிச்சுத் தெருப்பிள்ளைகளுக்குக் குடுக்கது. அகதி முகாம்லேருந்து வந்து பால்வாடியில பிள்ளையை விட்ட யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி சொல்லுவா, அவுக ஊர்ல பல்லுக் கொழுக்கட்டைன்னா பெரிய விசேசமாம். பிள்ளை தலையில வெள்ளைத் துணியைப் போட்டு, மேல கொழுக்கட்டையைக் கொட்டி, முன்னால புத்தகமும் சங்கிலியும் வச்சு எதை எடுக்குதுன்னு பாப்பாகளாம். பிள்ளை எப்பவும் கொழுக்கட்டையைத்தான் எடுக்குமாம்.

இதுல ஒண்ணைக் கவனிச்சியா? காலண்டரைப் பார்த்து வச்ச விழா இல்ல இது. பிள்ளை ஒரு வேலையைப் புதுசாச் செஞ்சான், அதுக்கு வச்சது. நம்ம பய இப்ப என்ன புதுசாச் செய்தான்? ரெண்டு காலும் தரையில படாமக் குதிக்கான், மூடியைத் திருகித் திறக்கான், 'ஆச்சி வா'ன்னு ரெண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லுதான். இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொழுக்கட்டை கடன் இருக்கு உனக்கு. அதையெல்லாம் போன்ல படம் எடுத்துட்டு, கொழுக்கட்டையை விட்டுட்ட.

சரி, பலகாரத்துக்கு வாரேன். மண்டபத்துக்காரன் ஸ்டால் போடுதானாமே. பஞ்சு மிட்டாய், பாப்கார்ன், புகை விடுத பிஸ்கட், சாக்லேட் ஊத்து. ஒவ்வொண்ணாப் பாப்போம். பஞ்சு மிட்டாயில ரோடமின்-பி சாயம் கலந்திருக்குன்னு பரிசோதனையில தெரிஞ்சு 2024 பிப்ரவரியில புதுச்சேரியும் நம்ம அரசாங்கமும் அதுக்குத் தடை போட்டுச்சு. துணிக்குப் போடுத சாயம் அது. பிள்ளைக்கு ரோஸ் கலர் சட்டை வேணும்னா கடையில வாங்கிக் குடு, வயித்துக்குள்ள எதுக்குச் சாயம்? புகை பிஸ்கட்டு திரவ நைட்ரஜன்ல முக்கினது. தொண்டையையும் வயித்தையும் பொசுக்கிரும்னு அதே வருசம் உணவுப் பாதுகாப்பு ஆபீஸருங்க கடைகடையா ஏறி எச்சரிச்சாங்க. பாப்கார்ன் பெரிய பிள்ளைகளுக்கு ஆகும், நாலு வயசுக்குக் கீழ ஆகாது. ஏன்னு சொல்லுதேன்.

இதுதான் நான் சொல்ல வந்ததுலயே பெரிய விசயம், அதனால போனைக் கீழ வச்சுட்டுக் கேளு. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு முன்பல்லு இருக்கும், கடிச்சிருவான். அரைக்கத்தான் தெரியாது. கடைசிக் கடைவாய்ப்பல்லு இப்பத்தான் முளைச்சுக்கிட்டு இருக்கும், சில பிள்ளைக்கு ரெண்டரை ஆகும். கடிச்ச துண்டு அப்படியே உருண்டு உள்ள போகும். சிரிச்சாலோ ஓடினாலோ அழுதாலோ மூச்சுக்குழல்ல போய் உக்காந்துரும். விழாவுல பிள்ளைக என்ன செய்யும்? சிரிக்கும், ஓடும், அழும். அதனால உருண்டையா, கெட்டியா, வழுக்கலா இருக்க எதையும் முழுசாக் குடுக்காத. நிலக்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம் எதுவும் முழுசா வேண்டாம். பாப்கார்னும் இந்தக் கூட்டத்துலதான் சேத்தி. பச்சைக் கேரட்டு வேண்டாம். திராட்சையை நீளவாக்குல நாலாக் கீறு. குறுக்க வெட்டினா அது இன்னும் உருண்டைதான். நுங்கு நல்லது, ஆனா வழுக்கிக்கிட்டு உள்ள ஓடும், மசிச்சுக் குடு. சுண்டல் போட்டா மத்தால ஒரு மசி மசி.

அளவுகோல் ஒண்ணு சொல்லுதேன். குடுக்கப்போற பண்டத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அமுக்கு. நசுங்குச்சுன்னா பிள்ளை ஈறும் நசுக்கிரும். நசுங்கலைன்னா அது மாப்பிள்ளைக்கு.

கோவில்பட்டிக்காரியா இருந்துக்கிட்டு கடலை மிட்டாய் வேண்டாங்கிறேனேன்னு ஆச்சரியப்படாத. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம் அது, நம்ம ஊருக்குப் பெருமைதான். நாலஞ்சு வயசு ஆகட்டும், மூட்டையோட குடுத்தனுப்புதேன். இப்ப அதே கடலையை வறுத்துத் தோலை ஊதி, நைசாப் பொடிச்சு இட்லியில தூவு. சத்து பூராவும் பொடியிலயும் இருக்கு. முதல்தடவை துளியாக் குடுத்துத் தடிப்பு, வாந்தி ஏதும் வருதான்னு பாத்துக்க. சில பிள்ளைக்குக் கடலை ஒத்துக்காது. அப்புறம் உங்க பெரியத்தை குடுத்துவிடுத பொருவிளங்காய் உருண்டை. பிள்ளைக்குக் குடுக்காத, கதவுக்கு அணை குடுக்க வச்சுக்க.

இனிப்பைப் பேசினா உனக்குக் கோவம் வரும். 'ஆச்சி, நான் வெள்ளைச் சீனியே வீட்டுல வைக்கதில்ல, எல்லாம் நாட்டுச் சர்க்கரை, உடன்குடிக் கருப்பட்டி, பேரீச்சம்பழப் பாகு'ன்னு சொல்லுவ. நல்லது. கருப்பட்டி கருப்பா இருக்கு, கிலோவுக்கு விலையும் கூட இருக்கு, அதனாலயே அது சீனி இல்லேன்னு ஆயிருமா? சீனியைவிடக் கொஞ்சம் உப்புச்சத்து கூட இருக்கும், ருசியும் மணமும் தனிதான், அதை நான் மறுக்கல. பிள்ளை பல்லுக்கும் நாக்குக்கும் எல்லாம் இனிப்புத்தான். ரெண்டு வயசு வரைக்கும் சேர்க்கிற இனிப்பே வேண்டாம்னு ஐதராபாத்து ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல புஸ்தகம் போட்டுச் சொல்லியிருக்கு. நீயும் அதைப் படிச்சிட்டு ரெண்டு வருசம் கட்டுப்பாடா இருந்த. பாராட்டுதேன். ஆனா ரெண்டு முடியுத அன்னைக்கே மூணடுக்கு கேக்கு வைக்க பாரு, அதுதான் எனக்கு விளங்கல. ரெண்டு வருச பாக்கியை ஒரே நாள்ல வசூல் பண்ணுதானா அவன்?

டப்பா மாவைப் பத்தி ஒரு வார்த்தை. பால்ல கலந்து குடிச்சா பிள்ளை உசரமா வளரும்னு ஒரு பிள்ளை சுவத்தைத் தாண்டுத படம் போட்டிருப்பான். அந்த மாதிரி மால்ட்டு பானத்தை எல்லாம் 'ஹெல்த் டிரிங்க்'னு பேர் போட்டு விக்காதேன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசாங்கமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிருச்சு. நீ அதைத் தூக்கி எறிஞ்சிட்டேன்னு சொன்ன. எறிஞ்சிட்டு அதைவிட ரெண்டு பங்கு விலையில இன்னொரு டப்பா வாங்கினியாமே, 'ஆர்கானிக்'னு எழுதினது. அங்கன்வாடியில சும்மா குடுக்க சத்துமாவை மட்டும் வாங்க மாட்ட. வாங்கினாலும் உங்க வீட்டு வேலைக்காரம்மா கிட்ட குடுத்துருவ. அந்த அம்மா பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கான், பாத்தியா?

இப்ப நீ கேப்ப, 'எல்லாம் வேண்டாம்னா என்னதான் குடுக்க?' நம்ம அடுக்களையில என்ன இல்ல? சீனிக்கிழங்கை அவிச்சுத் தோலை உரிச்சு விரல் நீளத்துக்கு வெட்டி வையி. அவனே புடிச்சுத் திங்கட்டும். அதுக்குப் பேருல மட்டுமில்ல, உள்ளயும் இனிப்பு இருக்கு, நீ மேல தூவ வேண்டாம். கேப்பையை எடுத்துக்க. நூறு கிராம் கேப்பையில சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல, பாலுல அதே அளவுக்கு 120-ஐ ஒட்டித்தான். முளைகட்டி, காயவச்சு, திரிச்சா இன்னும் நல்லா உடம்புல ஒட்டும். அந்த மாவுல ரெண்டு கரண்டி, புளிச்ச இட்லி மாவு ஒரு கரண்டி, நல்லாக் கனிஞ்சு தோலு கருத்துப்போன வாழைப்பழம் ஒண்ணு. பழத்தைக் கையாலயே பிசை, மிக்ஸியைத் தூக்காத. பணியாரச் சட்டியில நெய் ஒரு சொட்டு விட்டு ஊத்தி, தீயைக் குறைச்சு மூடி வை. சீனியும் வேண்டாம், கருப்பட்டியும் வேண்டாம். கருத்த பழத்தைக் குப்பையில போடுத வீட்டுக்காரி, அதே நாள்ல கேக்குக்கு ஆர்டர் குடுக்கா. எங்க போய்ச் சொல்ல.

உப்புப் பண்டம் கேட்டான்னா, பாசிப்பயறு வேகவச்சு மசிச்சு, முருங்கைக்கீரையை உருவிப் பொடிசா அரிஞ்சு போட்டு, தோசைமாவுல குட்டி குட்டியா ஊத்து. ஒரு சொட்டு எலுமிச்சை பிழி. கீரையில இருக்க இரும்புச்சத்தை அதுதான் உடம்புக்குள்ள இழுத்துக் குடுக்கும். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புல, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள்ல நூத்துக்கு 67 பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு, நாடு முழுக்க. இந்த லட்சணத்துல, பிள்ளைக்கு டீயில பன்னை முக்கிக் குடுக்காரு உங்க மாமனாரு. டீ கீரைச்சத்தை உடம்புல சேரவிடாது. அவருகிட்ட நீ சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கிடுதேன், அவரு எனக்குச் சம்பந்தி, திட்டுத உரிமை எனக்கு உண்டு. பாலும் அப்படித்தான். நல்லதுதானேன்னு லிட்டர் கணக்குல ஊத்தாத. நாளைக்கு அரை லிட்டர் தாண்டிச்சுன்னா சோத்துக்கு வயித்துல இடம் இருக்காது, பிள்ளை வெளுத்துப் போவான்.

அளவும் ஒண்ணு இருக்கு. ஒண்ணேகால், ஒண்ணரை வயசுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு முக்கால் கப்புலேருந்து ஒரு கப்பு போதும், கப்புன்னா 250 மில்லி. நடுவுல ஒண்ணோ ரெண்டோ சின்னத் தீனி. ரெண்டு முடிஞ்சவனுக்குக் கொஞ்சம் கூட. நீயோ உனக்குப் போடுத தட்டை அவனுக்கும் போட்டுட்டு, கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ஹால், பால்கனி, லிப்டுன்னு அவன் பின்னாலயே அலையுத. போதும்னு மூஞ்சியைத் திருப்பினா போதும்னுதான் அர்த்தம். போன்ல யானைப் பாட்டைப் போட்டு வாயைத் திறக்க வைக்கது சோறு ஊட்டுறது இல்ல, களவாணித்தனம். யானையைப் பார்த்துக்கிட்டு அவன் முழுங்குதான். என்ன தின்னான்னு கேட்டா 'யானை'ன்னு சொல்லுதான். நான்தான் கேட்டேனே பொங்கலுக்கு.

இப்ப கேக்கு. அடுக்கு இல்லாம உனக்குத் திருப்தி வராது, அதனால அடுக்காவே சொல்லித்தாரேன். இட்லி மாவை மூணு கிண்ணத்துல பிரி. ஒண்ணுல வேகவச்சு அரைச்ச கேரட்டு, ஒண்ணுல பீட்ரூட்டு, ஒண்ணுல அரைக்கீரை. உயரமான எவர்சில்வர் டப்பாவுல நெய் தடவி, முதல் கலரை ஒரு விரக்கடை ஊத்தி, இட்லிக் கொப்பரையில அஞ்சு நிமிசம் வேக விடு. மேல லேசாக் கட்டினதும் அடுத்த கலரை ஊத்து, அதுக்குமேல மூணாவது. கடைசியா மூடி கால் மணி நேரம். சுத்தமான ஈர்க்குச்சியைக் குத்திப் பாரு, ஒட்டாம வந்தா இறக்கு. சூடு ஆறினப்புறம் கவுத்தினா மூணு கலர்ல நிக்கும். சுத்தி தேங்காய்ப்பூ, மேல வாழைப்பழ வில்லை. கடையில குடுக்கிற கலர் அட்டையில இந்தக் கலரு கிடையாது. அவனைக் கத்தி பிடிக்கச் சொல்லாத, ரெண்டு கையையும் விட்டு அளையச் சொல்லு. ஒரு எச்சரிக்கை: மறுநாள் காலையில அவன் போனது செவப்பா இருக்குன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடாத. அது பீட்ரூட்டு.

மெழுகுவத்தி ஊதலாமா, விளக்கு ஏத்தலாமான்னு உங்க குடும்ப வாட்ஸாப்புல பெரிய சண்டையாமே. அதுல நான் இல்ல. ரெண்டு வயசுக்காரனுக்கு ஊதவும் தெரியாது, ஏத்தவும் தெரியாது, துப்பத் தெரியும். எது வச்சாலும் கைக்கு எட்டாத தூரத்துல வை, அவ்வளவுதான்.

பலூன் ஐந்நூறுன்னு சொன்ன. ஒண்ணு வெடிச்சா இருக்க பிள்ளை அத்தனையும் அலறும், அது போகட்டும். வெடிச்ச ரப்பர்த் துண்டு தரையில கிடக்கும். பிள்ளை அதை எடுத்து வாயில வச்சு உறிஞ்சும். தொண்டையில போய் ஒட்டிக்கிட்டா எடுக்க முடியாது. விளையாட்டுச் சாமான்ல பிள்ளை மூச்சை அடைச்சதுல பலூன் ரொம்ப மோசமானதுன்னு டாக்டருங்க சொல்லுதாங்க. மாவிலைத் தோரணம் கட்டு. பூவாச் செஞ்ச காகிதத் தோரணம் கட்டு. உங்க தாத்தா ஓலைக் காத்தாடி செஞ்சு தாரேன்னு இப்பவே பனைஓலை நறுக்கிக்கிட்டுத் திண்ணையில உக்காந்துட்டாக. வந்த பிள்ளைகளுக்குத் திருப்பிக் குடுக்கதுக்கும் அதுவே ஆகும். லைட்டு எரியுத, பாட்டுப் பாடுத பொம்மையை வாங்கி ரிட்டர்ன் கிப்ட் குடுக்கேன்னு அடுத்த வீட்டுப் பிள்ளை கையில பட்டன் பேட்டரியைக் குடுத்துராத. அதை முழுங்கினா சில மணி நேரத்துல உணவுக்குழலை அரிச்சிரும்.

வெளையாட்டுக்கு ஆளு வைக்க வேண்டாம். வாயில நெருப்பு வச்சு வித்தை காட்டுதவனைப் பார்த்து ரெண்டு வயசுப் பிள்ளை கை தட்டாது. அகலமான குண்டான்ல நாலு விரக்கடை தண்ணி, ரெண்டு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு அரிப்பு. பக்கத்துல ஒரு பெரியவங்க உக்காரணும், எந்திரிக்கக் கூடாது. அத்தனூண்டு தண்ணியிலயும் பிள்ளை மூழ்கிரும். கோதுமை மாவைப் பிசைஞ்சு ஆளுக்கு ஒரு உருண்டை. பூவரசு இலை கிடைச்சா பீப்பீ சுருட்டிக் குடு; அவன் ஊதத் தெரியாம மென்னு துப்புவான், அப்பனுக்கு ஊதத் தெரியும்லா, ஊதட்டும். உங்க அடுக்குமாடி மொட்டைமாடியில காலை வெயிலு ஏறுமுன்ன ரெண்டு பாயை விரிச்சா முடிஞ்சுது. கைப்பிடிச்சுவரு எத்தனை உயரம்னு மட்டும் முதல்ல பாத்துரு.

யாரைக் கூப்பிடணும்னு உனக்கே தெரியும், ஆனா சொல்ல மாட்ட. அவன் பேரு தெரிஞ்சவங்களைக் கூப்பிடு. லிப்டுல பாத்தா 'டேய்'னு கூப்பிடுத அந்த வாட்ச்மேனு, பால் போடுதவரு, எதிர்வீட்டுப் பிள்ளைக ரெண்டு. அந்தப் பட்டியல்ல மேனேஜர் வரமாட்டாரு. ஆனா அவன் அந்த வாட்ச்மேனைப் பார்த்துச் சிரிக்க சிரிப்பு, படம் எடுக்கிறவரு எத்தனை பொம்மையை ஆட்டினாலும் வராது.

மண்டபத்துக்குக் குடுத்த அட்வான்ஸை என்ன செய்யன்னு கேக்க. திரும்பி வராதுன்னுதான் சொல்லுவான். சரி, வரலைன்னா உங்களுக்குக் கல்யாணநாள் வருதுல்லா, அதுக்கு மாத்திக்க. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இருக்கட்டும், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க சரியா இருக்கும்.

ரெண்டு விழாவுல எதை வச்சாலும் ஒண்ணு மட்டும் செய்யி. பெரியவங்க தின்கிற முறுக்கு, கடலை, மிச்சர் எல்லாம் இடுப்புக்கு மேல உயரத்துல இருக்கட்டும். டீப்பாயில வச்சேன்னா அது பிள்ளைக தட்டு. வந்தவங்கள்ல ஒருத்தரைத் தனியா நிப்பாட்டு. அவருக்குப் படம் எடுக்கிற வேலையும் இல்ல, பரிமாறுத வேலையும் இல்ல. எந்தப் பிள்ளை வாயில என்ன இருக்குன்னு பார்க்கது மட்டுந்தான் வேலை. எதுவும் அடைச்சு, பிள்ளைக்கு இருமவும் சத்தம் போடவும் முடியாமப் போச்சுன்னா, வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது இன்னும் உள்ள தள்ளிரும். குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கையால அஞ்சு தட்டு. வரலைன்னா பின்னால மண்டி போட்டு, தொப்புளுக்கு மேல கையைக் குவிச்சு உள்ளயும் மேலயுமா அஞ்சு தடவை அமுக்கு. மாத்தி மாத்திச் செய்யணும். இன்னொருத்தர் அதுக்குள்ள 108-க்குப் போன் போடணும். ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு வயித்தை அமுக்கக் கூடாது, முதுகுத் தட்டும் நெஞ்சு அமுக்கும்தான். இதை எல்லாம் அந்த ஆளுக்கு முன்கூட்டியே காட்டிக் குடுத்திரு. உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்சம்மாகிட்ட கேட்டா செஞ்சே காட்டுவாக. விழாவுக்கு முந்தின வாரமே போயிட்டு வந்துரு, ஏட்டி.